ஒன்றில் தொடங்கும் டேப்

எங்கள் வட்டாரப் பாறை ஆர்வலர் சங்கத்தின் போன வருட ஆண்டு மலரில் பதினான்காம் பக்கத்தைப் புரட்டினால், கட்டுரை முடிகிற இடத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘அளவெடுக்கையில் டேப் பிடித்து உதவிய பெண் உறுப்பினருக்கு நன்றி.’ ஒரே வரியில் மூன்று பொய். டேப்பைப் பிடித்தவன் நான். அவர் யாருக்கும் உதவவில்லை, நாங்கள்தான் அவர் வேலைக்கு எடுபிடி. நன்றியோ, அதை எழுதியவரின் மனதில் மருந்துக்கும் கிடையாது. செயலாளர் என்ற முறையில் அந்த வரியைத் தட்டச்சு செய்தவனும் நானே. அதனால் இதை எழுத உட்கார்ந்தால் பாதிக் கோபம் பிறர்மேலும் மீதிப் பாதி என்மேலும் வருகிறது.

அந்தப் பெண் உறுப்பினரை நாங்கள் டேப்பக்கா என்போம். ஐம்பத்திரண்டு வயது. மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தையல் கடை அவருடையது. நிமிர்ந்து நின்றால் படி தலையில் இடிக்கும் என்பதால் உள்ளே எல்லோரும் உட்கார்ந்தே பேசுவார்கள். இரண்டு மெஷின். ஒன்றில் அக்கா, இன்னொன்றில் அவருடைய நாத்தனார். புதுத் துணி தைக்க வருகிறவர்கள் குறைவு. ஜிப் மாற்றுவது, பேன்ட் நீளத்தைக் குறைப்பது, உடம்பு போட்டவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது, இதுதான் காலை முதல் மாலை வரை. கணவர் பேக்கரியில் அடுப்படி வேலை. வாரம் ஆறு நாள் விடிவதற்கு முன்பே போய்விடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை எழுப்பினாலும் எழமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அக்காவுக்குக் கிடைத்தவை.

கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் டேப் தொங்கும். நுனியில் இருந்த தகரம் என்றோ கழன்று, முதல் அங்குலம் நைந்துபோனதால் அதை அக்கா வெட்டி எறிந்துவிட்டார். ஆகவே அந்த டேப் ஒன்றில்தான் தொடங்கும். புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன்.

“வாங்கினேன் தம்பி. இரும்பு ஸ்கேல் பக்கத்துல வச்சுப் பாத்தா, முப்பத்தாறு இன்ச்சுக்குக் கால் இன்ச் பொய் சொல்லுது. இது பொய் சொல்லாது. ஒண்ண மட்டும் கழிச்சுக்கணும், அவ்வளவுதான்.”

எனக்கு அது உடனே பிடித்துப்போனது. நான் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிறவன். மீட்டரில் தெரிகிற எண் வேறு, ஓடிய மின்சாரம் வேறு. போன முறை பார்த்த எண்ணைக் கழித்தால்தான் உண்மை தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

அக்கா சங்கத்துக்கு வந்ததே ஒரு வேடிக்கை. நூலகத்தின் மாடியில் எங்கள் கூட்ட அறை. அங்கே ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வந்தவர், கண்ணாடி அலமாரியில் இருந்த வரிவரியான மணற்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். பிறகு கேட்டார்: “சார், இதுல நேர் பக்கம் எது, உள் பக்கம் எது?”

எங்கள் தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் அவர். இருபது வருடமாக அவர்தான் தலைவர். சங்கத்தின் கையேடும் அவர் எழுதியதுதான். “கல்லுக்கு ஏதும்மா நேர் பக்கம்?” என்றார். நாங்களும் கூடச் சிரித்தோம். ஒரு படிவு படிந்தபோது எது மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்பதுதான் பாறை படிக்கிறவன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி என்று பெரிய புத்தகங்களில் எழுதியிருப்பது எனக்கு நான்கு வருடம் கழித்துத் தெரிந்தது. கையேடு எழுதியவருக்கு அது எப்போது தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் பயணம். காலை ஏழு மணிக்கு நூலக வாசலில் வேன். முடிதிருத்துபவர், மருந்துக்கடைக்காரர், பஸ் நடத்துநர், வங்கியில் வேலை செய்யும் அண்ணன் தம்பி என்று பதினைந்து இருபது பேர். ஆளுக்கொரு பூதக்கண்ணாடி, கல்லைச் சுற்றிக்கொள்ளப் பழைய செய்தித்தாள் கட்டு, சுண்ணாம்புக்கல்லா என்று சோதிக்க ஒரு சின்னக் குப்பியில் வினிகர். ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். ஆற்று மேடு, கைவிட்ட கல்குவாரி, ரயில்பாதைக்காக வெட்டிய சரிவு எல்லாம் சுற்றுவோம். மத்தியானம் பாறைமேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, கையிலிருக்கிற கல் என்ன கல் என்று வாய்ச்சண்டை போடுவோம். சுத்தியல் மட்டும் நிர்வாகக் குழுவின் கையில்தான். அது தலைவர் போட்ட விதி. பெண்களுக்குச் சாப்பாட்டு மூட்டை. இதற்கு விதி எதுவும் இல்லை, தானாகவே அப்படி அமைந்துவிட்டது என்று நாங்கள் நம்பினோம். வெட்கக்கேடு.

புறவழிச்சாலைக்காகக் குன்றை வெட்டிய இடம் ஒன்று உண்டு. தலைவர் வேலையில் இருந்தபோது அவர் மேற்பார்வையில் வெட்டியது. வருடத்துக்கு ஒருமுறை அங்கே போயே ஆகவேண்டும். சாலையோரம் சுவர்போல நிற்கும் அந்த வெட்டுமுகத்தின் நடுவே புதர் மண்டிய ஒரு சந்து. அதற்கு இடப்பக்கம் தாழ்வாக ஒரு சிப்பி அடுக்கு, வலப்பக்கம் உயரத்தில் ஒரு சிப்பி அடுக்கு. என்றோ கடலுக்கடியில் கிடந்த சிப்பிகள் கல்லாகி, வரிசையாக நிற்கும். கீழ்ச் சிப்பி அடுக்கு, மேல் சிப்பி அடுக்கு என்று கையேட்டில் பெயர். இரண்டுக்கும் நடுவே பல ஆயிரம் வருடம் என்று விளக்கம். இருபது வருடமாக நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

போன வருடம் அக்கா சாப்பாட்டு மூட்டையை வேனிலேயே வைத்துவிட்டுச் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றார். அரை மணி நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“தம்பி, இது ரெண்டு இல்ல. ஒண்ணுதான்.”

“என்னக்கா சொல்றீங்க?”

“கட்டம் போட்ட சட்டையில பாக்கெட் வைக்கிறப்ப, சட்டைக் கட்டமும் பாக்கெட் கட்டமும் சேரணும். அவசரத்துல தச்சா பாக்கெட் கீழ இறங்கிடும். அதுக்காகத் துணி ரெண்டுன்னு சொல்லுவீங்களா? அந்தப் பக்கம் பாருங்க. சாம்பல் பட்டை, அதுக்குக் கீழ சிவப்பா ஒரு நூல், அப்புறம் மஞ்சள், அப்புறம் சிப்பி. இந்தப் பக்கமும் அதே வரிசை. இடது பக்கம் மொத்தமா இறங்கியிருக்கு. புதர் இருக்கிற எடத்துலதான் தையல் விட்டிருக்கு.”

பார்த்தேன். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்ட பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பூமி அந்த இடத்தில் பிளந்து, ஒரு பக்கம் இடுப்பளவு இறங்கியிருந்தது. இரண்டு அடுக்கும் கிடையாது, பல ஆயிரம் வருடமும் கிடையாது.

தலைவரிடம் சொன்னோம். “அம்மா, இது பாறை. சட்டை இல்ல,” என்றார். நடத்துநர் சிரித்தார். நானும் பாதி உதட்டில் சிரித்துத் தொலைத்தேன். அக்காவுக்கு மட்டும் கோபமே வரவில்லை. “சிரிங்க சார். அளந்து பாத்துட்டா போச்சு,” என்று கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார்.

இடப்பக்கச் சுவரில், சாம்பல் பட்டையின் மேல்விளிம்பில் வெட்டுப்பட்ட நுனியை வைத்துக்கொண்டு அக்கா நின்றார். நான் கீழ் நுனியைப் பிடித்தேன். அவர் எண்களைப் பார்த்துத் தன் அளவு நோட்டில் எழுதிக்கொண்டார். வலப்பக்கத்தை மருந்துக்கடைக்காரர் தலைவரின் இரும்பு டேப்பில் அளந்தார். முட்டிவலி என்று குனியாத தலைவர், ஆவணத்துக்கு என்று இடப்பக்கத்தை டேப்போடு சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டார். அப்போது அக்கா சொன்னது இது:

“சார், போட்டோவப் பாத்து அளவு எழுதினீங்கன்னா ஒண்ணக் கழிச்சுக்கோங்க. என் டேப்பு ஒண்ணுலதான் ஆரம்பிக்கும்.”

“சரி சரி, வெயில் ஏறுது, கிளம்பலாம்,” என்றார் தலைவர். அக்கா சொன்னது என் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா சொன்ன எதையும் அவர் போட்டுக்கொண்டதில்லை.

வேனில் மருந்துக்கடைக்காரர் வலப்பக்க அளவுகளை வாசித்தார்: சாம்பல் மூன்று அங்குலம், சிவப்பு அரை, மஞ்சள் ஐந்து, சிப்பி இரண்டு. அக்கா நோட்டைப் பிரித்துக் காட்டினார். மூன்று, அரை, ஐந்து, இரண்டு. நடத்துநர் நோட்டை வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

இறங்கும்போது அக்கா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “இது புக்குல வருமா தம்பி?”

“வராம?”

“என் பேரோட?”

“உங்க பேரு இல்லாம எப்படிக்கா?”

“வந்தா ஒரு காப்பி எடுத்துக் கடைக் கண்ணாடியில வைக்கணும். எங்க நாத்தனாருக்கு நான் கல்லுப் பொறுக்கி. வர்ற கஸ்டமர்கிட்ட எல்லாம் அதத்தான் சொல்றாங்க. நாலு எழுத்து அச்சுல வந்துட்டா வாய மூடிப்பாங்க.”

அவர் கேட்டது அவ்வளவுதான். பதவி கேட்கவில்லை, சுத்தியல்கூடக் கேட்கவில்லை. தன் பெயரைக் கேட்டார்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம் இருந்துச்சு,” என்று ஆரம்பித்தார். ரொம்ப நாள் என்றால் எத்தனை நாள்? பன்னிரண்டு நாள். கையோடு பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் கொண்டுவந்திருந்தார், நாளுக்கு ஒரு பக்கம். அந்தப் பிளவுக்குத் தன் பெயரையே சூட்டியிருந்தார்.

“சார், அக்கா பேரு?” என்றேன்.

“கடைசியில நன்றி போட்டிருக்கேனே. அந்தம்மா பாத்தாங்க, இல்லேங்கல. பாக்கிறது வேற, கண்டுபிடிக்கிறது வேற.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாள்களை வாங்கிக்கொண்டு வந்து தட்டச்சு செய்தேன். செயலாளர் பதவி என்றால் பெரிய அரசாங்கமா? ஒரு ரப்பர் முத்திரை, மாடி அறையின் சாவி, முன்வரிசையில் ஒரு நாற்காலி. இதற்காக வாயை மூடிக்கொண்டேன். அட்டவணையில் இடப்பக்கச் சாம்பல் பட்டை நான்கு அங்குலம், வலப்பக்கம் மூன்று என்று இருந்தது. மற்றவை எல்லாம் பொருந்தின, இது மட்டும் பொருந்தவில்லை. தலைவர் அதற்கும் ஒரு பத்தி எழுதியிருந்தார்: வலப்பக்கம் போகப்போகப் பட்டை மெலிகிறது, ஆகவே அந்தத் திசையில்தான் பழைய கடலின் கரை இருந்திருக்க வேண்டும், கடல் பின்வாங்கியதற்கு இது சான்று. நான்கு என்று அடிக்கும்போது என் விரல் ஒரு கணம் நின்றது. ஏன் நின்றது என்று யோசிக்காமல் மேலே அடித்துக்கொண்டு போனேன். இருபத்தேழு வருடமாகக் கழித்தல் போட்டே சம்பளம் வாங்குகிறவன்.

மலர் வந்ததும் முதல் பிரதியை அக்காவின் கடைக்குக் கொண்டுபோனேன். கைவேலையை வைத்துவிட்டு, விரலை வரிவரியாக நகர்த்திக் கட்டுரை முழுவதையும் படித்தார். “இதுல நான் எங்க இருக்கேன்?” என்றார். கடைசி வரியைக் காட்டினேன்.

“டேப்ப நீங்கதானே பிடிச்சீங்க,” என்றார் அக்கா.

அடுத்த மெஷினிலிருந்து நாத்தனார் தலையை நீட்டி, “என்ன, பேரு வந்திருக்கா?” என்று கேட்டார். “வரல அண்ணி,” என்று சொல்லிவிட்டு, அக்கா மலரைத் துணி அடுக்குக்கு அடியில் வைத்துவிட்டுப் பெடலை மிதிக்க ஆரம்பித்தார். நாத்தனார் தலையை இழுத்துக்கொண்டு தன் மெஷினுக்குத் திரும்பினார். கேலி செய்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஆண்டுக் கூட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பாறையியல் பேராசிரியை ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்தார். அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கடையிலிருந்து நேரே வந்ததால் கழுத்தில் டேப். தலைவர் படங்களைத் திரையில் போட்டுப் பேசினார். பிளவைப் பற்றிப் பேசியபோது பேராசிரியை ஆர்வமாகக் குறிப்பெடுத்தார். கடற்கரை பின்வாங்கிய கதை வந்ததும் பேனாவை வைத்துவிட்டார்.

“கொஞ்சம் அந்தப் படத்தப் பெருசாக்குங்க. இந்த டேப் ஏன் ஒண்ணுல ஆரம்பிக்குது?”

தலைவர் திரையைப் பார்த்தார். பட்டையின் மேல்விளிம்பில் ஒன்று, கீழ்விளிம்பில் நான்கு. அறையில் இருந்த யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துவிடலாம். கடலே கரையோடு சேர்ந்து அந்த ஓர் அங்குலத்தில் முழுகிப்போனது.

“அது... அச்சுப் பிழை,” என்றார் தலைவர். பிறகு என் பக்கம் கையை நீட்டி, “செயலாளர் தட்டச்சு பண்றப்ப நம்பர மாத்தி அடிச்சிருக்காரு,” என்றார்.

நம்பர் மாறினால் அந்த ஒரு பத்தி எங்கிருந்து வந்ததாம்? எழுந்தேன். “நான் மாத்தி அடிக்கல சார். நீங்க எழுதினத எழுத்து மாறாம அடிச்சேன். அந்த டேப் அக்காவோடது. ஒண்ணக் கழிக்கச் சொல்லி உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. அந்தப் பிளவக் கண்டுபிடிச்சதும் அவங்கதான். நீங்க அன்னிக்கு சட்டை இல்லம்மான்னு சிரிச்சீங்க,” என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது. அக்காவின் பெயரைப் பறித்தபோது வராத ரோஷம், என்மேல் பழி விழுந்ததும் பொத்துக்கொண்டு வந்ததே. அது யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரியும்.

பேராசிரியை கடைசி வரிசைக்கே நடந்துபோனார். அக்கா பையிலிருந்து அளவு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கத்தில், ‘நெஞ்சு 38, இடுப்பு 34, வெள்ளிக்கிழமை வேணும்’ என்று யாருடைய சட்டையோ. அதன் கீழே தேதி போட்டு, ‘சாம்பல் 3, சிவப்பு அரை, மஞ்சள் 5, சிப்பி 2, எடது பக்கம் எறக்கம் 33.’ அதற்கும் கீழே ஒரு பாவாடை. பேராசிரியை அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வேறு எங்கெல்லாம் தையல் விட்டிருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். தலைவர் டீ வந்ததா என்று பார்க்கக் கீழே போனவர், ரொம்ப நேரம் மேலே வரவில்லை.

நியாயம் கிடைத்தது என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு நிர்வாகக் குழுக்களைத் தெரியாது. மறுவாரம் கூடினோம். பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை அச்சடித்து எல்லா மலரிலும் ஒட்டுவது என்று முடிவாயிற்று. சீட்டில் என்ன? ‘4 என்பதை 3 எனத் திருத்தி வாசிக்கவும்.’ எண்ணைத் திருத்தினார்கள், ஆளைத் திருத்தவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், தட்டச்சு செய்யும்போது யாரையும் கேட்காமல் இரண்டாவது வரி ஒன்றைச் சேர்த்தேன்: கண்டுபிடித்தவர் என்று அக்காவின் முழுப்பெயர். இருநூறு சீட்டும் அச்சாகி வந்ததும், பெரிய சாதனை செய்தவன்போல ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

அக்கா சீட்டை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரல் அளவுத் தாள். திருப்பியும் பார்த்தார்.

“இத எங்க வைப்பீங்க?”

“பதினாலாம் பக்கத்துல ஒட்டிடுவோம்க்கா.”

“வேண்டாம் தம்பி.” சீட்டை என் கையிலேயே திருப்பி வைத்தார். “நாள் பூரா அடுத்தவங்க துணிக்கு ஒட்டுப் போடுறேன். என் பேருக்கு ஒட்டு வேண்டாம். அவரு தச்ச சட்டையில என்னை ஒட்டுத் துணியாக்காதீங்க.”

அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு செய்திருக்கிறேன், வாங்கிக்கொண்டால் என்ன என்று. தெருமுனை போய்ச் சேர்வதற்குள் அந்தக் கோபம் போய்விட்டது. எவ்வளவு செய்திருந்தேன்? ஒரு வரி. அதையும் கத்தரித்துவிட்டுத்தான் சீட்டுகளை ஒட்டினேன்.

மூன்று மாதம் அக்கா பயணத்துக்கு வரவில்லை. நான்காவது மாதம் வேனில் ஏறும்போது ஒரு சுருளை என் மடியில் போட்டார். துணி வெட்டுவதற்கு மாதிரி வரைகிற பழுப்புத் தாள். விரித்தால் முழு நீளத்துக்கு அந்தச் சுவர், ஒவ்வொரு பட்டையும் அளவோடு. பக்கத்திலேயே பென்சிலில் ஏழு பத்தி. முதல் வரி: ‘என் டேப் ஒன்றில் தொடங்கும், அதனால் எல்லா அளவிலும் ஒன்றைக் கழித்திருக்கிறேன்.’ நாத்தனார்தான் எழுத்துப்பிழை பார்த்தாராம்.

குழுவில் தலைவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “போடலாம், போடலாம். முதல் வரிய மட்டும் எடுத்துடலாம். கட்டுரைக்கு அழகா இல்ல. அப்புறம், மேற்பார்வைன்னு என் பேரும் பக்கத்துல...”

சாவியையும் முத்திரையையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். “ஒரு எழுத்து மாறினா நீங்களே தட்டச்சு பண்ணிக்கோங்க சார்,” என்றேன். அவருக்குத் தட்டச்சு தெரியாது. மற்றவர்கள் சாவியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். கட்டுரை அப்படியே அச்சுக்குப் போனது.

இந்த வருட மலர் மூன்றாம் பக்கம் திறந்தபடி அந்தக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. பேன்ட் குறைக்க வருகிறவர்களிடம் நாத்தனார் அக்காவின் பெயரில் விரல் வைத்துக் காட்டுகிறார். கட்டுரைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு, அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன்: ‘டேப் பிடித்து உதவிய ஆண் உறுப்பினருக்கு நன்றி.’ என் பெயர் இல்லை. அந்த வரியில் ஒரு பொய்யும் இல்லை.